இறால் தலை

“மடியை உதறும்மா.”

பாம்பன் இறால் கம்பெனியின் கேட்டில் நின்று அருளானந்தம் சொன்னான். ஷெட்டில் இறால் உரித்துவிட்டு வெளியே வரும் பெண்கள் ஒவ்வொருவராக மடியை உதறிக் காட்டிவிட்டுப் போனார்கள். தினமும் நடப்பதுதான். இன்று அவன் முதுகுக்குப் பின்னால் மானேஜர் வந்து நின்றதுதான் புதிது.

வேளாங்கண்ணி மட்டும் உதறவில்லை.

“வெறும் தலைதாண்ணே,” என்றாள். “பிள்ளைக்கு நாலு நாளாக் காச்சல். இப்பத்தான் விட்டுருக்கு. வாய்க்கு எதுவும் பிடிக்கல. இதை நசுக்கி ரசம் வச்சா ரெண்டு வாய் கஞ்சி உள்ள இறங்கும்.”

அண்ணே என்று அவள் கூப்பிட்டால் அவன் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். இன்றும் பார்க்கவில்லை.

“உதறு.”

சிமெண்டுத் தரையில் ஒரு கைப்பிடி இறால் தலை விழுந்தது. உடம்பெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டது. கொச்சி வரைக்கும் ரயில், அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல்.

“தலை என்ன சும்மா வருதுன்னு நெனச்சியா?” என்றார் மானேஜர். “தென்னந்தோப்புக்கு உரமாப் போகுது அது.”

“தென்ன மரத்துக்கும் காச்சலாங்கய்யா?”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. மானேஜர் அருளானந்தத்தின் பக்கம் திரும்பினார்.

“உனக்கு வேண்டியவளா இவ?”

“இல்லீங்கய்யா.”

“தங்கசாமி இதே கேட்டுல நின்னுக்கிட்டு, தன் கொழுந்தியா மடியப் பாக்காம விட்டான். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வெரட்டினேன். ஞாபகம் இருக்குல்ல? வேண்டியவ இல்லேன்னா ஒண்ணு போடு. மத்தவளுகளுக்கும் உறைக்கட்டும்.”

அருளானந்தத்துக்கு ஒரு காலத்தில் சொந்த வள்ளம் இருந்தது. கம்பெனியின் விசைப்படகுகள் அவன் வலையைக் கிழித்துக்கொண்டு போன பிறகு கிடைத்த வேலை இது. இதுவும் போனால் வேறு வேலை இல்லை.

ஓங்கி அறைந்தான்.

அவள் அழவில்லை. “வாரேண்ணே,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

“நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதே!” என்று அவள் முதுகுக்குச் சொல்லிவிட்டு மானேஜர் தன் புதுக் காரில் ஏறினார். கார் சக்கரம் இறால் தலைகளை நசுக்கிக்கொண்டு போனது.

பொழுது சாய்ந்து, அக்காள்மடத்தில் இருக்கும் தன் குடிசைக்குள் அருளானந்தம் குனிந்து நுழைந்தான். பாயில் கிடந்த மகள் லீமாரோஸ் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அய்யா, இறால் ரசம் இல்லையாம்ல?”

கஞ்சிச் சட்டியை அவன் முன்னால் வைத்தவளின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

“நல்லவேள, ஓங்கி அடிச்சீங்க,” என்றாள் வேளாங்கண்ணி. “கை கொஞ்சம் தயங்கியிருந்தா, நம்ம புருசன் பொஞ்சாதின்னு அந்தாளு கண்டுபிடிச்சிருப்பான்.”