கடைசிக் கேள்வி

"ஹெல்ப்டெஸ்க், குணாளன் பேசுறேன்."

"அக்கவுண்ட்ஸ் துளசி. கம்ப்யூட்டர் அப்டேட் காலையிலேருந்து முப்பது பெர்சென்ட்லயே நிக்குது."

"பென்டிரைவ் ஏதும் சொருகியிருக்கீங்களா, மேடம்?"

"ஆமா."

"அதைக் கழட்டிட்டு, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிங்க. அப்புறம் ஆன் பண்ணுங்க."

கால் மணி நேரம் இருவரும் போனை வைக்காமல் காத்திருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சு. பாஸ்வேர்ட் கேக்குது," என்றாள் துளசி.

எந்த அழைப்பையும் முடிக்கும் முன் கேட்டாக வேண்டிய கேள்வியைக் குணாளன் கேட்டான்.

"வேற ஏதாவது உதவி வேணுமா, மேடம்?"

அழைப்பு பதிவாகிறது என்பது துளசிக்கும் தெரியும். இருந்தும் சொன்னாள்.

"கோவிச்சுக்கிட்டது போதும்லா. இன்னிக்கும் ஃபெரி ஏறி அக்கரையில உங்க அக்கா வீட்டுக்குப் போகாதீங்க. நேரா நம்ம வீட்டுக்கு வந்துருங்க. பிள்ளை தேடுறான்."

"சரிங்க மேடம்," என்றான் அவள் கணவன்.