ஆறு புள்ளி ஒன்பது

ரத்த அளவு பார்க்கும் மீட்டரில் ஆறு புள்ளி ஒன்பது என்று வந்தது.

செபமாலை இளமதியின் வேறொரு விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் குத்தினாள்.

அதே ஆறு புள்ளி ஒன்பது.

இளமதிக்கு இது எட்டாம் மாதம். மூன்றாவது பிள்ளை. மூன்றாம் மாதத்தில் பார்த்தபோது ரத்தம் ஒன்பதரை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கக் கொடுக்க ஏறவேண்டியது, மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தது. கந்தர்வக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் பதினேழு வருடமாக நர்ஸாக அலைகிறவள் செபமாலை. இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

மீட்டர்தான் பழுதோ என்று தன் விரலையே குத்திப் பார்த்தாள். பதினொன்று புள்ளி எட்டு. மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

"உண்மையச் சொல்லு இளமதி. மாத்திரைய முழுங்குறியா, தூக்கி எறியிறியா?"

இளமதி வாய் திறப்பதற்குள் அவளுடைய ஓரகத்தி முத்தாள் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தாள். அத்தனையும் வெற்று அட்டைகள். ஒன்றில்கூட ஒரு மாத்திரை மிச்சமில்லை.

முத்தாளுக்கு நாற்பது வயது இருக்கும். பிள்ளை இல்லை. அந்த வீட்டில் உலை வைப்பது, மாடு கறப்பது, இளமதியின் இரண்டு பெண்களையும் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது எல்லாம் அவள்தான். கீரையை இரும்புச் சட்டியில் வதக்கினால் நல்லது என்று செபமாலை ஒருமுறை சொல்ல, அன்றைக்கே பஸ் ஏறிப்போய் சட்டி வாங்கிவந்தவள். அவள் இருக்கிற வீட்டில் மாத்திரை வீணாகப் போக வழியே இல்லை.

பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. புதுக்கோட்டைக்கு அனுப்பி மற்ற சோதனைகளும் செய்தாயிற்று. எதிலும் குறை இல்லை.

பிறகு அந்த இரும்பெல்லாம் எங்கேதான் போகிறது?

செபமாலை வாசலைப் பார்த்தாள். முந்திரித் தோப்பு வரைக்கும் செக்கச்செவேலென்ற மண். என்றோ வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் இரும்புதான் மண்ணையும் சிவக்கவைக்கிறது, ரத்தத்தையும் சிவக்கவைக்கிறது என்று பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து மண்ணுக்கு வந்துசேர்ந்தது, இந்தப் பெண்ணின் வாய்க்குள் போட்டும் ரத்தத்துக்கு வந்துசேரவில்லையே.

இளமதியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளிறிக் கிடந்தது. பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலும் இந்த உடம்பு தாங்காது. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

முத்தாள் பரபரவென்று துணிமணிகளைப் பையில் அடைத்தாள். பிறகு தயங்கித் தயங்கி செபமாலையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், கேக்கவே கூச்சமா இருக்கு. எனக்கு அஞ்சு மாசமா வயிறு கட்டிக்கிருது. வெளிக்குப் போனா கருகருன்னு போகுது. ஏதும் வியாதியா இருக்குமோ?"

செபமாலை சட்டென்று திரும்பி முத்தாளைப் பார்த்தாள்.

வீடு வீடாகப் போய் அவள் தினமும் கேட்கிற புகார் அது. இரும்பு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் சொல்வது.

முத்தாளின் கையைப் பிடித்து இழுத்து விரலில் குத்தினாள்.

பதிமூன்று புள்ளி ஆறு.

"புள்ளத்தாச்சி மாத்திரையப் புடுங்கித் தின்னுருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

செபமாலை கத்திவிட்டாள். பிள்ளை இல்லாத பொறாமை இவ்வளவு தூரம் போகுமா?

"அக்காவத் திட்டாதீங்க சிஸ்டர்" என்றாள் இளமதி. "மாத்திரையப் போட்டா எனக்கு ஒரே வாந்தியா வந்துச்சு. நீ செரமப்படாத, நான் சாப்பிட்டாப் போதும்னு அக்காதான் வாங்கிக்கிருச்சு."

முத்தாளுக்குத் தான் எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே விளங்கவில்லை. செபமாலையின் முகத்தையும் இளமதியின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள எனக்குத்தான்னு நாங்க மொதல்லயே பேசி முடிச்சிட்டோம் சிஸ்டர். அம்மாக்காரி ஒரு நாள்கூட விடாம சாப்பிடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"