பாதுகாப்புக்கு நூறு மார்க்

“இணையப் பாதுகாப்புப் பயிற்சியை இன்னைக்கு முடிக்கலைன்னா உங்க கணக்கை முடக்கிடுவாங்களாம். யாருக்கும் விதிவிலக்கு கிடையாதாம் சார்,” என்றாள் நக்கிட்டோ. கம்பாலாவில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தின் செயலாளர் அவள்.

“கண்டிப்பு வேணும்தான்,” என்றார் பேராசிரியர் பியாமுகாமா, முட்டை சுருட்டிய சப்பாத்தியைக் கடித்தபடி. “என் பேர்ல நீயே எழுதிடும்மா. பாஸ்வேர்டுதான் உனக்குத் தெரியுமே.”

அவள் கணினியில் அவராக நுழைந்தாள்.

“முதல் கேள்வி சார். பாஸ்வேர்டை யாருக்காவது சொல்வீங்களா?”

“உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்னு போடு.”

நூற்றுக்கு நூறு. சான்றிதழ் அச்சாகி வந்தது.

“பாதுகாப்புப் பிரிவு இயக்குநர் கையெழுத்து போட்டாதான் இது செல்லும் சார்.”

“கையெல்லாம் எண்ணெயா இருக்கும்மா. வழக்கம்போல இயக்குநர் இடத்துல என் கையெழுத்தையும் நீயே போட்டுடு.”