அருவிக்குப் பின்னால்

மேசைமேல் இரண்டு பழைய டிவிகள் ஒட்டி நிற்கின்றன. இடப்பக்கம் அக்காவின் சாம்பல்நிற வீடியோ கேம் பெட்டி, வலப்பக்கம் தம்பியின் கறுப்புப் பெட்டி. இரண்டிலும் ஒரே ஆட்டம். எந்தப் பெட்டி உசத்தி என்று பள்ளிக்கூட நாளில் தொடங்கிய வழக்குக்கு, இருவருக்கும் தலை நரைத்த பிறகு இன்றுதான் தீர்ப்பு. மதிய வெயிலில் தூசி மிதக்கிறது. தம்பி கேசட்டின் அடியில் உஃப் என்று ஊதிச் செருகுகிறான். சாம்பல் பெட்டியில் படம் பளிச்சென்று இருக்கிறது. ஆட்டத்தில் ஓடுகிற குள்ளனின் தொப்பியில் தையல்கூடத் தெரிகிறது. கறுப்பில் படம் மங்கல், ஆனால் பாட்டு நெஞ்சுக்குள் வந்து அதிர்கிறது. "உன் டப்பாவை நான் அன்னிக்கும் தொட்டதில்ல, இன்னிக்கும் தொடமாட்டேன்," என்கிறாள் அக்கா, தன் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். மூன்றாம் கட்டத்தில் தம்பியின் திரையில் ஓர் அருவி கொட்டுகிறது. அவனுடைய குள்ளன் நான்காவது தடவையாகப் பள்ளத்தில் விழுகிறான். "அட மண்டு, அருவிக்குள்ள பூந்து போடா, பின்னால வழி இருக்கு!" பொறுக்கமுடியாமல் அவள் கத்திவிடுகிறாள். அவன் புகுந்து பார்க்கிறான். இத்தனை வருஷமாக அவனுக்கே தெரியாத வழி, ஜம்மென்று திறக்கிறது. மெல்லத் திரும்பி அக்காவின் திரையைப் பார்க்கிறான். அவளுடைய குள்ளனும் அதே இடத்தில்தான் நிற்கிறான்; எதிரே வெறும் பாறைச்சுவர்.

"அக்கா, உன் பெட்டியில அருவியே கிடையாதே?"

அவள் காது சிவக்கிறது. "பாட்டு நல்லா இருந்துச்சுடா," என்று முணுமுணுத்தபடி அவன் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கிக்கொள்கிறாள். அவள் கட்டைவிரல் பொத்தானைத் தேடவேயில்லை.