நாற்பது ஆட்டுக்கு ஓர் ஆடு

புடவைக்கடை ஷிப்லி, ஸகாத் என்னும் கட்டாயத் தருமத்தைக் கொடுப்பதில் எவரும் நினைவூட்டும்வரை காத்திருப்பவரல்லர். ஒவ்வோர் ஆண்டும் நோன்பு இருபத்தொன்றில், சாய்ந்தமருதில் உள்ள தமது மஹல்லாப் பள்ளிவாசலின் ஸகாத் அறைக்கு அவரே முதலாவதாக வருவார். கழுத்தில் அளவு நாடா தொங்கும். பெருநாள் வியாபாரம் அவரை இருக்க விடாது. நின்றபடியே தொகையைச் சொல்லிக் கையொப்பமிட்டுவிட்டு ஓடிவிடுவார்.

இவ்வாண்டும் முதலாவதாக அவரே வந்தார். ஸலாம் சொல்லி, கதிரையை இழுத்து மின்விசிறிக்கு நேரே போட்டு அமர்ந்தார். கழுத்தில் அளவு நாடா இல்லை.

அண்ணன் முறையில் ஊரார் காக்கா என்றழைக்கும் ஸகாத் குழுச் செயலாளர் பக்கீர் முகைதீன் ஹாஜியாருக்கு முகம் மலர்ந்தது. பதிவேட்டைத் திறந்து, கொடுப்போர் பக்கத்தின் முதல் வரியில், கேளாமலே ஷிப்லியின் பெயரை எழுதினார். தொகைக்குரிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார்.

"என்ன தம்பி, உன்ட ஆடெல்லாம் சுகமா?"

சென்ற நோன்பில் அந்த அறை முழுவதும் சிரித்த கதை அது. ஷிப்லியிடம் அப்போது நாற்பது ஆடுகள் இருந்தன, அனைத்தும் கைத்தொலைபேசிக்குள். உண்மையான பணங் கொடுத்து அவற்றை வாங்கி, நாள்தோறும் சில மணித்தியாலம் திரையில் மேய்த்தால், விளையாட்டை நடத்திய நிறுவனம் தனது சொந்த நாணயத்தைக் கூலியாகக் கொடுத்தது. பிளொக்செயின் நாணயம் என்றார்கள். இணையத்தில் விற்றால் அது டொலராக மாறியது.

நாற்பது ஆட்டுக்கு ஓர் ஆடு ஸகாத் என்பது மார்க்கச் சட்டம். "போனுக்குள்ள நிக்கிற ஆட்டை அறுத்தா இறைச்சி வருமா, பற்றரி வருமா?" என்று ஹாஜியார் அன்று கேட்டார். ஷிப்லியும் சிரித்துவிட்டு, ஆடுகளின் பெறுமதியில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைப் பணமாகவே கொடுத்தார். அப்பணத்தில் மூன்று பெண்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கப்பட்டது.

இன்று ஷிப்லி சிரிக்கவில்லை. இம்முறை யார் யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

ஹாஜியார் பெறுவோர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பழைய பெயர்களுக்குக் கீழே பதினொரு பெயர்கள் அண்மையில் எழுதப்பட்டிருந்தன. ஒருவர் தோணி எஞ்சினை விற்ற மீனவர். இன்னொருவர் வரிப்பத்தான்சேனைக் காணிக்கு வைத்திருந்த விதைநெல்லை விற்றவர். பதினொருவரும் ஷிப்லியின் சொல்லை நம்பி ஆடு வாங்கியவர்கள்.

கடைக்கு வருவோரிடம், துணியை அளந்துகொண்டே ஆட்டைப் பற்றிச் சொல்வது அவரது வழக்கமாயிருந்தது. மீன்வாடி அழகரெத்தினம் மட்டும், "கரைக்கு வராத மீனுக்கு நான் காசு குடுக்கிறல்ல முதலாளி" என்று கூறி, மகளுக்கு இரண்டு யார் நீளச் சீத்தைத் துணியோடு போய்விட்டார். மற்றவர்கள் கேட்டார்கள். அவர்களுள் இருவர் இப்போது நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகையில் ஷிப்லியின் அருகே நிற்பதில்லை.

"நஸீறாவும் இதில இரிக்காவா?" என்றார் ஷிப்லி, பட்டியலில் விரலை வைத்தபடி.

"ஓம். போன வருசம் உன்ட ஸகாத்தில குடுத்த மெசினை வித்துப்போட்டு மூணு ஆடு வாங்கினாவாம். இப்ப அந்த மூணையும் வித்தாலும் ஒரு நூல்கட்டை வாங்க ஏலாது எண்டு அழுறா."

ஷிப்லி விரலை எடுத்துக்கொண்டார்.

ஹாஜியாருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. குட்டி போட்டுப் பெருகிய ஆட்டுக்கு எவ்வாறு விலை விழுந்தது என்று கேட்டார். பெருகியதால்தான் விழுந்தது என்றார் ஷிப்லி. ஆடும் நாணயமும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. அவற்றை வாங்கப் புதியவர்கள் வந்துகொண்டிருந்தவரைக்குமே பழையவர்களுக்கு டொலர் கிடைத்தது. சேரக்கூடியவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிந்ததும், விற்பதற்கு உலகமே நின்றது. வாங்குவதற்கு ஒருவரும் இல்லை.

"அப்ப அந்த ஆடு ஒரு நாளும் பால் தரயில்லையா?"

"இல்ல காக்கா. எனக்குப் பால் தந்தது எனக்குப் பின்னால வந்த ஆக்கள்தான்."

பெருநாள் வியாபாரம் மும்முரமாக நடக்கும் வேளையில், கடையை விட்டுவிட்டு இவ்வளவு நேரம் இருந்து ஒவ்வொரு பெயராக விசாரிப்பதற்கு எத்தகைய மனம் வேண்டும் என்று ஹாஜியார் எண்ணிக்கொண்டார். பின்னர், நடந்தது நடந்துவிட்டது என்றும், பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாளே இருக்கிறது என்றும் ஆறுதலாகச் சொன்னார். ஷிப்லியின் தொகையை நம்பியே அப்பதினொரு வீட்டாருக்கும் தாம் வாக்குக் கொடுத்துவிட்டதையும் மறைக்கவில்லை.

"நீ செஞ்ச பிழைய நீயே நேராக்க வந்திரிக்காய். அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். சொல்லு தம்பி, எவ்வளவு எண்டு எழுத?"

ஷிப்லி எழுந்து வந்து, கொடுப்போர் பக்கத்தைத் திருப்பினார். முதல் வரியில் மை காய்ந்திருந்த தமது பெயரைச் சிறிது நேரம் பார்த்தார்.

"இதை வெட்டுங்க காக்கா," என்றார் மெதுவாக. "அந்தப் பதினொரு பேருக்குக் கீழ என்ட பேரை எழுதுங்க."