புது நிர்வாகம்

“நிர்வாகம் மாறினதோட எங்கட பப் நாசமாப் போச்சு, அண்ணை!” நோர்பரிச் சந்தியில், அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று பொருமினான் தவநேசன்.

“என்னடாப்பா குறை?” என்றார் கூட வந்த குலேந்திரன்.

“ஒண்டோ ரண்டோ? இருக்கக் கதிரை இல்லை. இறைச்சி எண்டு வாயே திறக்கேலாது. முந்தி வெறியில சேட்டைக் கழட்டினால் வெளிய தள்ளுவாங்கள். இப்ப சேட்டோட வந்தால் உள்ள விடமாட்டாங்களாம்!”

“பிறகேன் வந்தனீ?”

“மனுசி இழுத்துக்கொண்டு வந்திட்டாள். பழையவன் கிளாஸ் நிறைய ஊத்துவான். இவர் ஊத்துறது ஒரு சொட்டு!”

முணுமுணுத்தபடியே சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். பழைய பார் இருந்த இடத்தில் பிள்ளையார் அமர்ந்திருந்தார். ஐயர் அவனுடைய உள்ளங்கையில் ஒரு கரண்டி தீர்த்தம் விட்டார்.

ஒரே மடக்கில் குடித்து மீசையைத் துடைத்த தவநேசன், பழக்கதோஷத்தில் சொன்னான்:

“இதென்ன, சிங்கிளோ? டபுளா ஊத்தும்!”