வேலிக்கு அந்தப் பக்கம்

"வேலிச் சாவியக் குடும்மா," என்றார் பிச்சைமுத்து. "என் சினை மாடு தள்ளாடுது. ரெண்டு கட்டு மட்டும் அறுத்துக்கறேன்."

"முடியாதுண்ணே," என்றாள் ஜெகதீஸ்வரி. "உங்களுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். இன்னும் பத்து நாள்தான் லா."

பட்டர்வொர்த் பக்கம் ஐந்து குடும்பங்கள் மாடு வைத்துப் பிழைத்தன. கறந்த பால் ஃபெரி ஏறி அக்கரையிலுள்ள லிட்டில் இந்தியா கடைகளுக்குப் போகும். ஐந்து வீட்டுக்கும் ஒரே மேய்ச்சல் நிலம். மழையில்லாத அந்த வருஷம், மாடுகள் புல்லை வேரோடு மேய்ந்து தரையை வெறும் மண்ணாக்கிவிட்டன.

எல்லோரும் கூடிப் பேசித்தான் அதில் காராமணி விதைத்து வேலி போட்டுப் பூட்டினார்கள். கொடி பூத்ததும் மாட்டை உள்ளே விடவேண்டும். மாட்டுக்குத் தீனியாகும், விழுகிற சாணத்தில் மண் தேறும், அதன்பிறகு விதைக்கிற புல் நிற்கும். முன்கூட்டியே கை வைத்தால் எல்லாம் பாழ்.

சாவியை வைத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ஜெகதீஸ்வரி வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிச்சைமுத்துவின் மாடு செத்தது. வயிற்றுக் கன்றோடு லாரியில் ஏற்றிப் போனார்கள். அவர் மனைவி நல்லம்மாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகுதான் பேச்சு கிளம்பியது. ஒன்றரை மாதமாக ஜெகதீஸ்வரியின் மாடுகளை யாரும் வெளியே பார்க்கவில்லை. பால் வற்றிவிட்டது என்று சொல்லி அவள் ஃபெரிக்கும் வருவதில்லை. கொட்டகைக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது.

"உள்ள கட்டி வச்சு, நம்ம பயிர அறுத்துப் போடறா," என்றாள் நல்லம்மாள்.

மறுநாள் காலை பிச்சைமுத்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். யாரையும் கேட்காமல் கொட்டகையின் தகரக் கதவை இழுத்துத் திறந்தார்.

உள்ளே ஒரு மாடுகூட இல்லை. தரை காய்ந்து கிடந்தது. முளைக்குச்சிகளில் கயிறுகள் மட்டும்.

சத்தம் கேட்டு ஜெகதீஸ்வரி வந்தாள்.

"மாடெல்லாம் எங்கம்மா?"

"விதைச்ச வாரமே வித்துட்டேண்ணே. இந்த வறட்சியில வளக்கறதுக்கு யாரு வாங்குவா? வெட்டறவங்கதான் வாங்கினாங்க."

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

அவள் கதவைச் சாத்தியபடி சொன்னாள்:

"அந்தப் பயிர் இருபது மாட்டுக்குத்தான் தாங்கும். நம்மகிட்ட இருபத்தாறு இருந்துச்சு. ஆறு என்னோடது."